எழுத்துத் துணை



ஆராய்ச்சி செய்வோர்க்கு வேண்டுவன யாவை என்று வினவின், நூலகம் என்பர், நல்லாசிரியர் என்பர், உதவித்தொகை என்பர். இம்மூன்றும் வாய்த்தும் ஆய்வேட்டை முடியாது காலங்கழித்தவர் பலர். அவருள் யாமும் ஒருவராய் இருந்தோம்.

எம் ஆய்வேட்டின் நான்காம் இயல் மூன்றாண்டுகள் எழுதப்படாது கிடந்தது. குறிப்புகள் பெட்டி நிறைய இருந்தன. ஊரிலிருந்து பேசுந்தோறும் அன்னையார், "முடிந்ததா?" என்பார், "முடியப்போகிறது" என்போம். நெறியாளரைக் கண்டால் ஒதுங்கிச் செல்வோம். மதிப்பிடுவார் முன்னே வெறுங்கையராய் நிற்க எவர்தாம் விரும்புவர்?

அந்நாளில் எமக்கு வாய்த்தவர் பொருளியல் துறையைச் சார்ந்த வங்காள நண்பர். அவருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது; எமக்கோ பொருளியல் தெரியாது. அவருடைய ஏடும் பாதியில் நின்றிருந்தது. இம்மாநகரின் அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில் சனிக்கிழமைதோறும் எதிரெதிரே அமர்வதென்று உடன்பட்டோம். பத்து மணிக்கு, அன்று எழுதவிருப்பதை ஒருவர்க்கொருவர் சொல்வோம். பின்னர்ப் பேச்சில்லை. ஒரு மணிக்குத் தாள்களை எண்ணிக் காட்டுவோம். எழுதியது நன்றோ தீதோ அவர் அறியார். எழுதப்பட்டதா என்பது மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வெறுந்தாளோடு அவர்முன் அமர நாணி, வீட்டிலும் இரவில் விழித்திருந்து எழுதத் தொடங்கினோம். குறைய எழுதியவர் தேநீர் வாங்கித் தருதல் வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில் அச்செலவு பெரும்பாலும் எம்முடையதே!

இது புதுவழக்கன்று. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொல்ல, முதலியார் சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டோ என்று வினவினார். இல்லை. முதலியார் அந்நூலின் படியொன்றை அளித்து, தமக்கு அதனைப் பாடஞ்சொல்ல வேண்டினார். கேட்பதற்கு ஒருவர் காத்திருக்கும்போது விளங்காத செய்யுளைத் தாண்டிச் செல்ல இயலுமோ? ஐயர் சைன அன்பர்களை நாடிப் பொருள் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. முதுமையில் அவர் தம் வரலாற்றை எழுதியபோதும், 1940 முதல் ஆனந்த விகடன் வாரந்தோறும் அதற்குக் காத்திருந்தது. 1942-இல் அவர் மறையுமளவும் அவ்வெழுத்து நடந்தது.

எம் ஏடு பதினான்கு திங்களில் முடிந்தது. நண்பருடையது முடியவில்லை, தந்தையார் நோயுற்றமையால் வேலை தேடி வேற்றூர் சென்றார். சனிக்கிழமை பத்து மணிக்கு இன்றும் அவரைத் தொலைபேசியில் அழைக்கிறோம். ஒரு மணிக்கு மீண்டும் அழைத்து, எத்தனை பக்கம் என்று கேட்கிறோம். சென்ற வாரம் நான்கு என்றார்.

இங்குள்ள இளைஞர்களுள் ஏட்டை முடியாதார் எவரேனும் இருப்பின், சங்க நூலகத்துச் சாளரத்தருகே ஒரு மேசை வெறுமையாய் உள்ளது. பத்து மணிக்கு வருக; எதிர் நாற்காலியில் யாம் இருப்போம்.