வங்கியில் வென்ற வழக்கு மறுமையில் வெல்லுமா?



புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக. கடனட்டையின் வட்டி பற்றிய சட்டம் தனியாகப் பேசப்பட வேண்டியதொன்று. அட்டை மூலம் இணையத்தில் வாங்குவோரும் விற்போரும் சுமந்துள்ள அமானிதம் பற்றியே இன்று நோக்கவிருக்கின்றோம்.

பணம் செலுத்தியும் பொருள் வந்து சேரவில்லை; அல்லது திருடப்பட்ட அட்டை இலக்கத்தைக் கொண்டு வேறெவரோ வாங்கிவிட்டார். அப்போது அட்டைக்குரியவர் தமது வங்கியிடம் முறையிடலாம். அவ்வங்கி, வீசா, மாஸ்டர்காட் போன்ற வலையமைப்புகளினூடாக அப்பணத்தை வணிகரின் வங்கியிடமிருந்து மீளப் பெறும். இதனைச் சார்ஜ்பேக் என்பர். பல வகை முறைப்பாடுகளுக்கு 120 நாட்கள் வரை அவகாசமுண்டு. அமெரிக்காவும் பிரித்தானியாவும் 1974ஆம் ஆண்டிலேயே கடனட்டைப் பாவனையாளருக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கின. குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நமது ஃபிக்ஹு நூல்களோ பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே 'கியாருல் ஐப்' என வகுத்துள்ளன. எனவே, அநீதியிழைக்கப்பட்டவர் தமது உரிமையைக் கோருவதில் தவறேதுமில்லை.

வணிகச் சகோதரர்களே! சந்தையில் தானியக் குவியலினுள் கையை நுழைத்து, ஈரம் மறைக்கப்பட்டிருந்ததைக் கண்ட நபியவர்கள், மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என எச்சரித்தார்கள். இணையத்தில் வாங்குபவருக்குக் கைவிட்டுப் பார்க்கக் குவியலில்லை. நீங்கள் இடும் படமும் விவரமுமே அவருடைய கண்கள். ஆகவே குறையை எழுதிவிடுங்கள். ஓ.டி.பி. போன்ற உறுதிப்படுத்தலின்றி நடந்த விற்பனையில் மோசடி நிகழ்ந்தால், நட்டம் பெரும்பாலும் வணிகரையே சாரும். எனவே அப்பாதுகாப்பை ஏற்படுத்துங்கள். பொருள் ஒப்படைக்கப்பட்டதற்கான சான்றையும் பேணுங்கள்.

இளைஞர்களே! பொருளைப் பெற்றுக்கொண்டு, "எனக்குக் கிடைக்கவில்லை" என்று வங்கிக்கு எழுதுவதைச் சிலர் சாமர்த்தியம் எனக் கருதுகின்றனர். வீட்டிலிருந்து அபாயா தைத்து இணையத்தில் விற்கும் ஒரு சகோதரியை எண்ணிப் பாருங்கள். அவருடைய ஆடை போய்விட்டது, பணம் திரும்பிவிட்டது, அதற்கு மேல் வங்கிக் கட்டணமும் அறவிடப்படுகின்றது. இத்தகைய முறைப்பாடுகள் பெருகினால், அட்டை மூலம் பணம் பெறும் வசதியையே அவர் இழக்க நேரிடும். கடையொன்றில் புகுந்து திருடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பெற்றோர்களே! மகன் வாப்பாவின் அட்டையைக் கொண்டு கைத்தொலைபேசி விளையாட்டுக்கான நாணயங்களை வாங்கிவிடுகிறான். வாப்பா அதை அறிந்துகொண்டே, "யாரோ என் அட்டையைத் திருடிவிட்டனர்" என முறையிடுகிறார். பிள்ளை அன்று கற்பது என்ன? பொய்யால் பணம் திரும்பும் என்ற பாடத்தையன்றோ! நடந்ததை நடந்தவாறே விற்பனையாளரிடமும் வங்கியிடமும் கூறிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் அந்நட்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பிள்ளையின் கைக்கெட்டாதவாறு வையுங்கள்.

நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் அட்டை மோசடிகளைக் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் முஃமினின் அச்சம் சட்டத்தோடு முடிவதில்லை. தம்மிடம் வழக்குரைப்போரில் ஒருவர் வாதத்திறன் மிக்கவராக இருக்கக்கூடுமென்றும், அதனால் பிறருடைய உரிமை அவருக்குத் தீர்ப்பாகிவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டேயாகுமென்றும் நபியவர்கள் எச்சரித்தார்கள். நபியவர்களின் தீர்ப்பே பொய்யனுக்கு ஹறாமை ஹலாலாக்காதெனில், வங்கி அலுவலரின் தீர்ப்பு எவ்வாறு ஆக்கும்? அவர் பார்ப்பது உங்கள் கடிதத்தை. உங்கள் அலுமாரியிலுள்ள பொருளையல்ல.

இவ்வாறு பணம் பெற்றவர் எவரேனுமிருந்தால், தௌபாவுடன் நின்றுவிடலாகாது. இது அடியார்களின் உரிமை. வணிகரைத் தொடர்புகொண்டு பணத்தைச் செலுத்திவிடுங்கள். அவருக்கேற்பட்ட கட்டணத்தையும் ஈடுசெய்து, மன்னிப்புக் கேளுங்கள். இன்று சில ஆயிரம் ரூபாய்களால் தீர்க்கக்கூடிய கடனை, நன்மைகளால் தீர்க்க வேண்டிய நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்குவதிலும் விற்பதிலும் உண்மையாளர்களாக வாழும் பாக்கியத்தை அல்லாஹ் நம்மனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.