பாடல் பெற்ற கோட்டை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கோயில்களுக்குப் ‘பாடல் பெற்ற தலம்’ என்னும் பெருமை உண்டு. கோட்டைகளுக்கும் அப்பெருமையை வழங்கலாம் என்றால், மராட்டிய மண்ணில் அதற்கு முதல் உரிமை சிங்ககட்டுக்கே உரியது. புனே நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், சகியாத்திரி மலையின் கிளைத்தொடர் ஒன்றின்மேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் இக்கோட்டை பாரசீகத்திலும் பாடப்பெற்றது, மராட்டியிலும் பாடப்பெற்றது. இவற்றோடு வைத்து எண்ணத்தக்க உரைநடை நூல் ஒன்றும் உண்டு. அந்நூல் எழுதப்பெற்ற இடம் தமிழகத்துச் செஞ்சி.

கோட்டையின் பழம்பெயர் கொண்டாணா. கௌண்டின்ய முனிவரின் பெயரடியாகப் பிறந்தது என்பர். தில்லிச் சுல்தான் முகமது பின் துக்ளக் 1328 ஆம் ஆண்டளவில் இதனை முற்றுகையிட்டபோது, நாக நாயக் என்னும் கோலித் தலைவன் ஏறத்தாழ எட்டு மாதங்கள் காத்து நின்றான். இசாமி என்னும் கவிஞர் 1350 இல் பாரசீகத்தில் இயற்றி முடித்த வரலாற்றுக் காவியம் இச்செய்தியைக் கூறுகிறது. பேரரசன் ஒருவனின் படையை அத்தனை நாள் மதிலுக்கு வெளியே நிறுத்திய மலைத்தலைவனின் பெயர் ஒரு கவிஞனின் ஏட்டில் தங்கிப் பிழைத்திருக்கிறது.

சிவாஜி 1647 இல் இக்கோட்டையைக் கைக்கொண்டார். தந்தை ஷாஜியின் விடுதலையின் பொருட்டு 1649 இல் பீஜப்பூருக்குத் திருப்பித் தந்தார். பின்னர் மீண்டும் பெற்றார். 1665 இல் ஜெய்சிங்கோடு செய்துகொண்ட புரந்தர் உடன்படிக்கையின்படி மொகலாயரிடம் ஒப்படைத்த 23 கோட்டைகளுள் இதுவும் ஒன்று. வாங்குவதும் கொடுப்பதுமாகக் கைமாறிக்கொண்டிருந்த கோட்டையை மராட்டியரின் நெஞ்சில் நிலைநிறுத்தியது 1670 பிப்ரவரி 4 ஆம் நாள் இரவு.

அவ்விரவைப் பற்றிக் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் எழுதிய ‘பகர்’ என்னும் உரைநடை வரலாறு சுருக்கமாகவே பேசுகிறது. தானாஜி மாலுசரே 500 மாவளப் படைஞரோடு மலையடிவாரம் சேர்கிறான். பாறை ஏறுவதில் வல்ல இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு முதலில் மேலே போகின்றனர். மற்றையோர் தொடர்கின்றனர். காவல் தலைவன் உதயபான் இராசபுத்திரன், அவனும் பெருவீரன். தானாஜியும் அவனும் எதிர்ப்பட்டு, ஒருவர் வாளுக்கு ஒருவர் இரையாகி, இருவரும் வீழ்கின்றனர். தானாஜியின் தம்பி சூர்யாஜி போரை முடிக்கிறான். குதிரை லாயங்களுக்குத் தீ வைக்கின்றனர். அவ்வொளியை இராஜகட்டிலிருந்து கண்ட சிவாஜி, கோட்டை கைக்கு வந்தது என உணர்கிறார். மறுநாள்தான் தானாஜியின் முடிவு அவருக்குத் தெரிகிறது. ஒரு கோட்டையைப் பெற்று மற்றொரு கோட்டையை இழந்துவிட்டதாக அவர் வருந்தினார் என்கிறது சபாசத்தின் நூல். சிங்கம் என்னும் சொல்லே அவ்விடத்தில் இல்லை.

சபாசத் இதனை எழுதியது 1697 இல். சிவாஜியின் இளைய மகன் இராஜாராம், 1689 இல் சம்பாஜி கொல்லப்பட்டபின் தெற்கே தப்பி வந்து, செஞ்சியையே தலைநகராகக் கொண்டிருந்த காலம் அது. செஞ்சியைச் சுற்றி மொகலாயர் பாசறை. அம்முற்றுகைக்குள் இருந்தபடி, தந்தையின் வரலாற்றை எழுதித் தருமாறு இராஜாராம் கேட்க, முதியவர் சபாசத் எழுதினார். முற்றுகைக்கு உள்ளிருப்போரின் நிலையை அறிந்த கை எழுதியதனால்தானோ என்னவோ, உதயபானை இகழும் சொல் ஒன்றும் அதில் விழவில்லை. செஞ்சி 1698 இல் வீழ்ந்தது. அதற்கு முன்பே வெளியேறி நாடு திரும்பிய இராஜாராம் 1700 இல் உயிர் நீத்த இடம் சிங்ககட். (2025 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற 12 மராட்டியக் கோட்டைகளுள் செஞ்சி உண்டு, சிங்ககட் இல்லை!)

இனிப் பாடலுக்கு வரலாம். போவாடா என்பது டஃப் என்னும் தோற்கருவியும் துந்துணே என்னும் நரம்புக் கருவியும் உடனொலிக்க, ஷாகிர் என்னும் பாடகர் நின்று முழங்கும் வீரக் கதைப்பாடல். சிங்ககட் வெற்றியைப் பற்றித் துளசிதாசர் என்னும் ஷாகிர் பாடியதை ஆக்வர்த் என்னும் ஆங்கில அதிகாரி பிற போவாடாக்களோடு 1891 இல் பதிப்பித்தார். இதில் ஜிஜாபாய் மகனைச் சூதாட அழைத்து வென்று, பணயமாகக் கோட்டையைக் கேட்கிறாள். தானாஜி தன் மகன் ராயபாவின் திருமணத்துக்கு அழைக்க வந்தவன், திருமணத்தை ஒத்திவைத்துப் போருக்குப் போகிறான். யஷ்வந்தி என்னும் உடும்பின் உடலில் கயிற்றைக் கட்டிப் பாறைமேல் ஏவுகிறான். அது அஞ்சித் திரும்ப, அதட்டி மீண்டும் அனுப்புகிறான். உடும்பு மனிதரைத் தாங்குமா என வரலாற்றாசிரியர் கேட்கலாம். ‘உடும்புப்பிடி’ என்னும் வழக்குடைய தமிழர் அக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். அந்த உடும்பு கோட்டையைப் பற்றிக்கொண்டு முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் விடவில்லை.

கோட்டையின் பெயரையும் கதை விட்டுவைக்கவில்லை. சிங்கம் போன்ற தானாஜி மாண்டதனால் கொண்டாணா சிங்ககட் ஆயிற்று என்பது மராட்டியச் சிறுவரும் அறிந்த செய்தி. ஹரி நாராயண் ஆப்தேயின் புகழ்பெற்ற நாவலின் தலைப்பும் அதனையே சொல்கிறது. ஆயினும் 1663 ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே சிங்ககட் என்னும் பெயர் காணப்படுகிறது. தானாஜி இறப்பதற்கு ஏழாண்டுகள் முன்பு. இத்தகைய பிழைகளைக் கவிதையின் உரிமை எனப் பொறுத்துக்கொள்ளலாம், மகிழவும் செய்யலாம்.

பொறுக்க இயலாதது வேறொன்று. போவாடாவில் உதயபான் மனிதனாக இல்லை; அளவிறந்த ஊணும் மதயானையும் உடைய அரக்கனாகி விடுகிறான். 2020 இல் வந்த இந்தித் திரைப்படம் அவனை மேலும் கொடியவனாக்கிற்று. வென்றவனை உயர்த்தும் பொருட்டுத் தோற்றவனைச் சிறுமைப்படுத்துதல் எளிய வழி. ஆனால் அரக்கனைக் கொல்வதிலும் தனக்கு நிகரானவனோடு பொருது மடிவதிலும் எது தானாஜிக்குப் பெருமை? மதிலை வளைப்போனுக்கு உழிஞைப் பூவைத் தந்த தமிழ்ப் புறப்பொருள் மரபு, உள்ளிருந்து காப்போனுக்கும் நொச்சிப் பூவைத் தனியே தந்து வைத்தது. புறப்பொருள் வெண்பாமாலை இரண்டுக்கும் தனித்தனிப் படலம் வகுத்தது. செஞ்சிக் கோட்டைக்குரிய தேசிங்கும் வடக்கிலிருந்து வந்த இராசபுத்திரனே. 1714 இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட அவனைத் தமிழ்க் கதைப்பாடல் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டு அழுதது. உதயபானுக்கு அத்தகைய பாடகன் வாய்க்கவில்லை. வாய்த்தவர் ஓர் உரைநடைக்காரர், அதுவும் எதிரணியில்.

இன்று சிங்ககட்டுக்குச் செல்வோர் பலர். கடக்வாஸ்லா அணையின் நீர்ப்பரப்பைக் கடந்து போகும் சாலை கோட்டை வாயிலருகே வரை செல்கிறது. கால் வலுவுடையோர் ஆத்கர்வாடியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறுகின்றனர். மழைக்காலத்தில் முகில் மதிலுக்குள் புகுந்து நடப்பவரையே மறைத்துவிடும். வானம் வெளுத்தால் இராஜகட்டும் தோரணாவும் புரந்தரும் கண்ணுக்குத் தெரியும்; இராஜகட்டைக் கண்டதும் லாயத் தீயின் ஒளி நினைவுக்கு வராமல் போகாது. மலைவாழ் பெண்கள் சிறு மண்கலயங்களில் உறையூற்றிய தயிரும், சூடான பாக்ரியும் கடலைமாவுப் பிட்லாவும், வெங்காயப் பஜ்ஜியும் விற்கின்றனர். பலருக்குக் கோட்டை என்றால் இவைதாம். அதில் தவறும் இல்லை. தேவ்டாக்கே என்னும் சுனையின் நீர், திலகர் தங்கிய இல்லம், இராஜாராமின் சமாதி, தானாஜியின் சிலை, அவன் ஏறியதாகச் சொல்லப்படும் செங்குத்துப் பாறை ஆகியவற்றைக் காண ஒரு பகல் வேண்டும்.

கல்யாண் வாயிலின் பின்புறமாக மேலே ஏறினால் சதுரமான கல் ஒன்று கிடக்கிறது. சிலையோ மண்டபமோ இல்லை. உதயபானின் நினைவிடம் அதுவே என்கின்றனர்.