உடல் எடையை அறிவோம், உடல்நலம் காப்போம்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றிய உடல்நல உரையின் எழுத்து வடிவம்)



நெடுநாள் கழித்துக் காணும் ஒருவர் பருத்திருந்தால், "நன்றாக இருக்கிறீர்கள்" என்று மகிழ்வதும், இளைத்திருந்தால், "உடம்புக்கு என்ன?" என்று வருந்துவதும் நம்மவர் வழக்கம். என் மூத்த சகோதரரின் தொப்பையையும் நாங்கள் செல்வத்தின் அடையாளமென்றே எண்ணியிருந்தோம். பல்லாண்டுகள் அன்னதானப் பந்தியில் முன்னின்று பரிமாறியவர் அவர். காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமற்போன பின்னரே அவருக்கு இனிப்புநீர் நோய் இருப்பது தெரிய வந்தது. அக்காலை இழந்து, இன்று பந்தியின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அந்த வேதனையே என்னை இங்குப் பேசத் தூண்டியது.

எடை உயரத்திற்கு ஏற்றதா என்பதை அறிய உதவுவது, பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண். பெல்ஜிய அறிஞர் அடோல்ஃப் கெட்லே 1832-இல் வகுத்த இக்கணக்கிற்கு, அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1972-இல் இப்பெயரைச் சூட்டினார். கிலோகிராம் எடையை, மீட்டர் உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும், அவ்வளவே. 1.65 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவருக்கு இது ஏறத்தாழ 25.7 ஆகும்.

பொதுவாக 25-ஐ எட்டினால் மிகை எடை என்பர். ஆயினும் ஆசியருக்கு ஆபத்து அதற்கு முன்னரே தொடங்குகிறது. அதே குறியீட்டெண்ணிலும் நம் உடலில் கொழுப்பு கூடுதல். அதுவும் வயிற்றிலேயே மிகுதியாகச் சேர்கிறது. ஆகவே, ஆசியருக்கு 23 முதல் எச்சரிக்கை, 27.5 முதல் பேராபத்து என உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் எடுத்துரைத்தது. 18.5-க்குக் குறைவதும் நன்றன்று. குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இவ்வளவுகள் பொருந்தா.

எடையோடு இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே அளவு நாடாவை வைத்து அளக்க வேண்டும்.

மலேசியாவில் 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களுள் பாதிப்பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் எனத் தெரிய வந்தது. இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. காரணம் என்ன? ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, மரம் மரமாக நடந்து பால் எடுத்த நம் முன்னோர் உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. நாமோ நாற்காலிக்கு மாறினோம். சோற்றின் அளவை மாற்றவில்லை. போதாக்குறைக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்ந்துகொண்டன.

நம்மால் மாற முடியாதா? தைப்பூசக் காவடிக்காக 48 நாள் விரதம் காப்பவர்கள் நாம். மன உறுதி நம்மிடம் உண்டு. 49-ஆம் நாளில்தான் அதை விட்டுவிடுகிறோம். சைவ உணவாயினும் நெய்யும் எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்தால் எடை கூடவே செய்யும்.

இனிப்புநீர் வரும் நிலையில் இருந்தோர், எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும், வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டு முயன்றபோது, அந்நோய் வருவது 58 விழுக்காடு குறைந்ததாக 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோ குறைப்பதே இதற்குப் போதும்!

நிர்வாகத்தினருக்கு ஒரு விண்ணப்பம். மண்டப வாசலில் எடைக்கருவியும் அளவு நாடாவும் வையுங்கள். அன்னதானத்தில் ஒரு பொரியலை எண்ணெயின்றிக் கூட்டி, ஒரு வறுவலைக் குறையுங்கள். பரிமாறும் அன்பர்களே, "போதும்" என்பவரின் இலையில் மீண்டும் இடாதீர்கள். இதைச் சொல்லச் சொன்னவர் என் சகோதரர்தாம்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அருள்வானாக!