நிக்கோ: உச்சியிலிருந்து இறங்கி வரும் இலையுதிர்காலம்

ஜப்பானில் இலையுதிர்காலம் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. வடக்கே ஹொக்கைதோவில் தொடங்கித் தெற்கு நோக்கியும், மலையுச்சியில் தொடங்கி அடிவாரம் நோக்கியும் அது வாரக்கணக்கில் நகர்கிறது. இலைகள் சிவந்தும் மஞ்சளித்தும் நிறம் மாறுவதை அந்நாட்டார் 'கோயோ' என்பர். அவற்றைக் காண மலைக்கும் கோயிலுக்கும் செல்வது 'மோமிஜிகரி' எனப்படும். 'மோமிஜி' நிறம் மாறிய இலையையும், சிறப்பாக மேப்பிள் மரத்தையும் குறிக்கும் சொல். 'கரி' என்பது வேட்டை. வசந்தத்தில் செர்ரிப் பூக்களைக் காண்பதற்கு 'ஹனாமி', அதாவது பூப்பார்த்தல், என்று மென்மையாகப் பெயரிட்ட அதே மக்கள், செவ்விலைகளைக் காண்பதை வேட்டை என்றனர். அவை இருக்கும் மலைகளைத் தேடி நடக்க வேண்டியிருந்ததை எண்ணினால், இப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

அவ்வாறு தேடிச் செல்வோர்க்கு டோக்கியோவுக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிக்கோவைப் போன்று மலையும் கோயிலும் பிரிக்க முடியாதபடி ஒன்றிய இடம் அரிது. ஷோதோ என்னும் பௌத்தத் துறவி 766ஆம் ஆண்டில் தையா ஆற்றைக் கடந்து இங்கு ஒரு சிறு கோயில் அமைத்தார். இருமுறை முயன்றும் ஏற முடியாமல் திரும்பியபின், 2486 மீட்டர் உயரமுள்ள நந்தாய் மலையின் உச்சியை, 782ஆம் ஆண்டில் அவர் எட்டினார். இம்மலையின் பழம்பெயரான 'ஃபுதாரா', அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவர் உறையும் பொதலக மலையைக் குறிக்கும் 'ஃபுதாராக்கு' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று கருதுவோர் உண்டு. அப்பெயரை எழுதும் எழுத்துகளைச் சீன ஒலிப்பில் வாசித்ததால் 'நிக்கோ' பிறந்தது என்றும், பின்னர் 'சூரிய ஒளி' எனப் பொருள்படும் எழுத்துகள் அதற்கு அமைந்தன என்றும் மரபு கூறுகிறது. அந்தப் பொதலகமோ தென்னிந்தியாவில், மலய மலைக்குக் கிழக்கே உள்ளது என்று சீனப் பயணி யுவான் சுவாங் எழுதினார். அது தமிழகத்தின் பொதிகை மலையே என்று ஷு ஹிகோசாகா என்ற ஜப்பானிய அறிஞர் விரிவாக வாதிட்டுள்ளார். இம்முடிபை ஏற்பதாயின், தாமிரபரணி பிறக்கும் மலையின் நினைவொன்று கடல்கள் பல கடந்து ஒரு ஜப்பானியச் சிகரத்தின் பெயரில் தங்கியிருக்கிறது என்றாகிறது. தமிழர்க்கு இது சிறிய செய்தி அன்று.

ஜப்பானில் பௌத்தக் கோயில் 'தெரா' எனவும், 'கமி' என்னும் தெய்வங்களை வழிபடும் ஷின்தோத் திருக்கோயில் 'ஜின்ஜா' எனவும் வழங்கும். ஜின்ஜாவின் முகப்பில் 'தோரி' என்னும் வாயில்வளைவு நிற்கும். அங்கு வழிபடுவோர் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவர். தெராவிலோ கைதட்டாமல் கைகூப்பி வணங்குவதே முறை. ஆயினும் இந்தப் பிரிவினை நிக்கோவின் உள்ளியல்புக்கு அயலானது. ரின்னோஜி கோயிலின் சன்புத்சுதோ மண்டபத்தில் ஏழு மீட்டருக்கு மேல் உயர்ந்து பொன்வண்ணத்தில் அமர்ந்திருக்கும் மூன்று திருவுருவங்களும் அங்குள்ள மூன்று மலைகளே: ஆயிரங்கைக் கன்னோன் நந்தாய் மலை, அமிதாப புத்தர் நியோஹோ மலை, குதிரைத்தலைக் கன்னோன் தாரோ மலை. கன்னோன் என்பது அவலோகிதேசுவரரின் ஜப்பானியப் பெயர். அதே மலைகளைத் தெய்வங்களாக ஃபுதாராசன் ஜின்ஜா வழிபடுகிறது. 1868இல் மெய்ஜி அரசு பௌத்தத்தையும் ஷின்தோவையும் பிரிக்க ஆணையிட்டது. நிக்கோவும் அதற்கேற்பத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. எனினும், பௌத்தத்துக்குரிய ஐந்தடுக்குக் கோபுரம் இன்றும் தோஷோகு என்னும் ஜின்ஜாவின் வாயிலருகே நிற்கிறது.

இலை நிறம் மாறுவதன் காரணம் குளிரிலும் ஒளியிலும் உள்ளது. பகல் குறுகி, இரவு குளிரக் குளிர, இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. மேப்பிள் இலையிலோ, காம்படியில் தடுப்பு உருவாவதால் உள்ளே தங்கிவிடும் சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி புதிதாக உண்டாகிறது. உயரம் கூடும்தோறும் குளிர் முந்துவதால், அக்டோபர் தொடக்கத்தில் செஞ்ஜோகஹாரா சதுப்புநிலத்தின் புல் பழுப்பும் செம்மையும் கொள்ளும். அம்மாத நடுவிலிருந்து 1269 மீட்டர் உயரத்திலுள்ள சூசென்ஜி ஏரிக்கரை சிவக்கும். நவம்பரில்தான் அச்செம்மை கீழே கோயில் வளாகத்தை அடையும்.

ஏரிக்கும் ஊருக்கும் இடையே ஏறவும் இறங்கவும் தனித்தனியே அமைந்த இரு பாதைகளில் மொத்தம் 48 வளைவுகள் உள்ளன. ஜப்பானிய எழுத்துகளைப் பழைய முறையில் வரிசைப்படுத்தும் 'இரோஹா' பாடலின் எழுத்துகள் அவ்வளைவுகளுக்கு ஒவ்வொன்றாகச் சூட்டப்பட்டதால் பாதைக்கு 'இரோஹாசகா' என்று பெயர். அப்பாடல் பூவின் நிறமும் உதிரும் எனத் தொடங்கி நிலையாமையை உரைப்பது; அதன் எழுத்துகளைத் தாங்கிய வளைவுகளின் மீது இலைகள் உதிர்வதைக் காண்போர் பெயரின் ஆழத்தை உணர்வர். இம்மலைவழி முன்பு எல்லார்க்கும் திறந்திருக்கவும் இல்லை. அடிவாரத்து உமாகாயேஷியில், அதாவது 'குதிரை திரும்பும் இடத்தில்', குதிரைகள் நின்றுவிடும். பெண்களும் 1872இல் தடை நீங்கும்வரை புனித மலைக்குள் செல்ல முடியாமல் தொலைவிலிருந்தே வணங்கினர்.

இன்று பயணிகளில் பலர், 1616இல் மறைந்த, ஷோகுன் என்னும் ஆட்சித்தலைவரான தொக்குகாவா இயேயாசுவைத் தெய்வமாக வைத்து வழிபட 1617இல் எழுந்து, அவர் பேரன் காலத்தில் 1636இல் புதுக்கப்பட்ட தோஷோகுவின் யோமெய்மோன் வாயிலையும் மூன்று குரங்குச் சிற்பத்தையும் கண்டதோடு திரும்பிவிடுகின்றனர். அச்சிற்பங்கள் ஈடற்றவையே, ஆனால் இயேயாசுவை அங்குக் கொண்டுவந்ததே மலையின் புனிதம் என்பதால், முதலில் ஏரிக்கரைக்குச் சென்று, பின் நிறத்தோடு இறங்கி வருவதே முறையான வரிசை. ஏரிக்கரையின் சூசென்ஜி கோயிலில், வேரோடு நின்ற கட்சுரா மரத்தில் ஷோதோவே செதுக்கியதாக மரபு கூறும் ஆயிரங்கைக் கன்னோன் இருக்கிறது. நந்தாயின் அடிவாரத்தில் இருந்த பழைய கோயில் 1902ஆம் ஆண்டின் நிலச்சரிவில் அழிந்தபின், அத்திருவுருவம் இன்றுள்ள கரைக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கு அப்பால் நந்தாய் மலை முழுவதும் தெரியும். அக்டோபர் இறுதியில் அதன் மேற்சரிவுகள் இலையற்று நரைத்திருக்க, கீழ்ச்சரிவுகள் இன்னும் சிவந்திருக்கும்.