தீவுகளுக்குச் சைக்கிளில் போனோம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் 1986 இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வகுப்பார். சென்ற ஆடி மாதம் எங்களில் ஏழு பேர் ஐந்து நாட்கள் தீவுப்பகுதியைச் சைக்கிளில் சுற்றிவந்தோம். அதைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். மூன்று பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். மற்ற நால்வரும் இங்குள்ளவர்கள். எல்லோருக்கும் ஐம்பத்தைந்து வயது கடந்துவிட்டது. முழங்கால் நோவில்லாதவர் எவருமில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தியின் மகன், "அம்மா, வான் பிடிச்சுத் தரட்டோ?" என்று நாளுக்கு இரண்டு தரம் தொலைபேசியில் கேட்டான்.

சைக்கிள் எங்களுக்குப் புதிதல்ல. எரிபொருள் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, கரியரில் மூட்டையும் பாரில் குழந்தையுமாக அதே சைக்கிள்களை நாவற்குழிப் பாலத்தால் உருட்டிக்கொண்டு போனோம். ஆனால் சும்மா, சந்தோசத்துக்காக, கடற்காற்று வாங்குவதற்காகச் சைக்கிள் மிதித்தது எங்கள் வாழ்நாளில் இதுதான் முதல் தரம்.

இந்தப் பயணத்தைக் கேட்டது எங்கள் எழுவைதீவுத் தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் இருந்து படித்தவள். 1990 இல் யுத்தம் தீவுப்பகுதிக்கு வந்தபோது அவள் குடும்பம் ஊரை விட்டது. இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். முப்பது வருடங்களுக்கு மேலாக ஊரைப் பார்க்கவில்லை. "நேரே படகில் போய் இறங்க எனக்குத் துணிவில்லை, மெல்ல மெல்லப் போவோம்" என்றாள். அதனாலேதான் எழுவைதீவைக் கடைசி நாளுக்கு வைத்தோம்.

சைக்கிள் சுற்றுலா என்றால் மலையும் இறக்கமும் வேண்டுமென்பார்கள். பண்ணைத் தாம்போதியைக் கடந்து மண்கும்பானின் மணல்மேடுகளைத் தாண்டினால் இங்கே மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குறையைச் சோளகக் காற்று தீர்த்துவைத்தது. வெளிநாட்டாருக்கு விடுமுறை கிடைப்பது ஆடியில். சோளகம் முழு வீச்சில் வீசுவதும் ஆடியில்தான். முதல் நாள் வேலணையோடு நின்றுவிட்டோம். சாட்டிக் கடற்கரையிலே, உப்புக் கடலுக்குப் பக்கத்திலே நன்னீர்க் கிணறு. அந்தத் தண்ணீரில் முகம் கழுவியபோதுதான் உயிர் வந்தது.

இரண்டாம் நாள் வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதி. ஏறத்தாழ 4 கிலோமீற்றர், இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு பனைகூட இல்லை, காற்று நேரே நெஞ்சில். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். பாதி வழியில் எல்லோரும் இறங்கி உருட்டினோம். எங்கள் எழுவைதீவுக்காரி மட்டும் இறங்கவில்லை. பிந்தி வந்தவர்களுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் பிளேன்ரீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

சைக்கிள்களை அங்கே ஒரு கடையில் பொறுப்புக் கொடுத்துவிட்டு நயினாதீவுக்குப் போனோம். நாகபூசணி அம்மனைத் தரிசித்தபின் கோயிலில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டைப் பார்த்தோம். 12 ஆம் நூற்றாண்டினது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிகுதி உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் செம்பாதி. வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்து மறந்த விடயம். கல்லில் சொல்லப்பட்ட ஊராத்துறை, நாங்கள் நாலாம் நாள் தங்கவிருந்த ஊர்காவற்றுறைதான் என்பது அங்கே நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

நெடுந்தீவுக்குச் சைக்கிள்களையும் படகில் ஏற்றினோம். அந்தக் கடலில் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன பயணிகள் முப்பதுக்கு மேற்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அப்போது நாங்கள் பத்தாம் வகுப்பு. மாவிலித்துறையில் இறங்கியதும் நினைவிடத்தில் பூ வைத்தோம். அதன்பின் வெகுநேரம் ஒருவரும் கதைக்கவில்லை. கோறைக்கல் வேலிகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராகப் போனோம். பெருக்குமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும் பார்த்தோம். மேற்கே வெளியில் குதிரைகள் எங்களைத் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. நெடுந்தீவைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதனால் இவ்வளவோடு விடுகிறோம்.

ஐந்தாம் நாள் காலை ஊர்காவற்றுறைத் துறையில் ஏழு சைக்கிள்களோடு நின்றோம். எதிரே கடற்கோட்டை. இலங்கையைப் பன்றித் தொடை போலக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிக்கால் இது என்று அந்தக் கோட்டைக்குப் பெயர் வைத்தார்களாம். கடல் மோசமாக இருந்தது. படகு எப்போது வெளிக்கிடும் என்று கேட்டோம். "காத்து விழவேணும்" என்றார் படகோட்டி. எட்டு மணியானது, ஒன்பதானது, பத்தானது. நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் புறுபுறுத்தோம். தோழி மட்டும் ஒரு கயிற்றுக் குவியலில் வசதியாக இருந்து, "இதுதான் என்ரை திங்கட்கிழமை" என்றாள்.

இதை நாங்கள் இங்கே சொல்லியாக வேண்டும். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அவள் வீட்டுக்குப் போவாள். திங்கட்கிழமை முதற்பாடம் கணிதம். அவள் வரும்போது இரண்டாம் பாடமோ மூன்றாம் பாடமோ முடிந்திருக்கும். 'திங்கள் பிந்தி' என்று அவளுக்குப் பட்டம் வைத்தோம். எங்களில் ஒருத்தி மாணவத் தலைவி. பிந்தி வந்தோர் கொப்பியில் அவள் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினாள். படகு, காற்று, ஊர்காவற்றுறை பஸ் என்று அவள் சொன்ன காரணங்களைச் சாட்டு என்றோம். அவளோடு அத்தனை வருடம் படித்தும் அந்தத் துறையை ஒரு நாளாவது போய்ப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. துறையில் நின்ற அந்த மூன்று மணி நேரத்தில் மாணவத் தலைவி வாயே திறக்கவில்லை.

பதினொரு மணிக்குக் காற்றுச் சற்று விழுந்தது.

எழுவைதீவு ஏழு தீவுகளிலும் சிறியது. ஒன்றரைச் சதுர கிலோமீற்றர்கூட இல்லை. கரையெல்லாம் பனை. காற்றாலையும் சூரியத் தகடுகளும் டீசல் இயந்திரமும் பற்றரியும் சேர்ந்து இப்போது மின்சாரம் தருகின்றன. அவள் படித்தது மண்ணெண்ணெய் விளக்கில். மணல் ஒழுங்கைகளில் சில்லுப் புதைந்து, மிதித்ததைவிட உருட்டியதே அதிகம். வீட்டுக்குக் கூரையில்லை. சுவர் நின்றது, வாசற்படி நின்றது. கிணறு துப்புரவாக இருந்தது, அயலவர்கள் பாவிக்கிறார்கள். அவள் ஒரு வாளி அள்ளி, முதலில் ஒரு கை குடித்தாள். பிறகு எங்கள் ஒவ்வொருவருக்கும் வார்த்தாள். அழவில்லை. "கொஞ்சம் உவர்தான், முந்தியும் இப்பிடித்தான்" என்றாள்.

அயல் வீட்டுப் பெண் புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் கொண்டுவந்தார். மகள் வருகிற வருடம் சாதாரண தரம் எழுதுகிறாளாம். உயர்தரம் படிக்கக் கடல் கடக்கத்தான் வேண்டும். நாங்கள் எந்தக் கல்லூரி என்று அறிந்ததும் கதிரையை இழுத்து அருகில் போட்டுக்கொண்டு கேட்டார்: "அக்கா, விடுதியில இருந்து வீட்டை வந்து போற பிள்ளையள் திங்கட்கிழமை பிந்தினா ஏசுவினமோ?"

தோழி எங்கள் மாணவத் தலைவியைத் திரும்பிப் பார்த்து, "அவவைக் கேளுங்கோ, அவதான் கொப்பி வைச்சிருந்தவ" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம், ஒருத்தியைத் தவிர. அவள் எழுந்து போய் அந்தப் பிள்ளையின் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டு, கைப்பையிலிருந்த துண்டில் எழுதிக்கொண்டாள். அந்தத் துண்டு இப்போது சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. விடுதிக் கட்டணத்தை எங்கள் வகுப்பு பார்த்துக்கொள்ளும். பிந்தி வந்தோர் கொப்பி இன்னும் பாவனையில் உள்ளதா என்பதை அதிபர் அவர்கள்தான் சொல்லவேண்டும்.

அடுத்த ஆடியிலும் போகிறோம். இம்முறை அனலைதீவும் சேரும். வர விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் பெயரைத் தாருங்கள். நல்ல ரயர், ஒரு பம், தொப்பி அவசியம். வான் அனுப்ப நினைக்கும் மகன்மாரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.