தண்ணீர் கொடுத்தோம், சோதித்தோமா?

(வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



தாகத்திற்குத் தண்ணீர் கொடுப்பது மிகப் பெரிய தர்மம். பெற்றோர் பெயரில் ஏழைகள் தெருவுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்த வியாபாரிகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆனால் ஒரு கேள்வி. அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தோமா?

வங்கதேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஏழைகள் குளத்து நீரைக் குடித்துக் காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பலியானார்கள். அவர்களைக் காப்பாற்ற 1970களில் அரசும் யுனிசெப்பும் ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் போட்டன. நல்ல நோக்கம்தான். ஆனால் மண்ணுக்குள்ளேயே ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. கலந்திருந்தாலும் தண்ணீரின் நிறம் மாறாது, ருசி மாறாது. 1993ல்தான் அது கண்டறியப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேருக்கு உள்ளங்கையும் பாதமும் தடித்துப் புண்ணாகிவிட்டன. புற்றுநோய் வரை கொண்டுபோகும் நஞ்சு அது!

2000 முதல் 2003 வரை சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்தார்கள். நல்லதற்குப் பச்சை வர்ணம், கெட்டதற்குச் சிவப்பு. சிவப்பானவை ஏறத்தாழ 14 லட்சம்! பலர் பக்கத்துப் பச்சைக் குழாய்க்கு மாறினார்கள். பிறகு என்ன நடந்தது? வர்ணம் மங்கியது. புதிய கிணறுகள் பல சோதனையின்றியே வந்தன. சுமார் 2 கோடிப் பேர் இன்னும் நஞ்சு நீரையே குடிப்பதாக 2016ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் அறிக்கை வெளியிட்டது. அரசின் ஆழ்கிணறுகளில் பல, அரசியல்வாதிகளுக்கு வேண்டியவர்களின் வீட்டுக்குப் போனதையும் அது அம்பலப்படுத்தியது.

எங்கோ நடந்தது என்று இருந்துவிடாதீர்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் கறை படியும். மிக அதிகமானால் எலும்பையே பாதிக்கும். காய்ச்சினாலும் போகாது.

எனவே வியாபாரிகளே, கிணற்றுச் செலவோடு சோதனைச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் சோதிக்கலாம்.

இளைஞர்களே, ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள். மழைக்கு முன்னும் பின்னும் சோதியுங்கள். தெருக்குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சிறு பெட்டியே அதற்குப் போதும். குறைந்தால் தேதி போட்டுக் குறித்து, அதையே மனுவாகக் கொடுங்கள். வாய்ப்பேச்சைத் தட்டிக் கழிப்பார்கள். கணக்கைத் தட்டிக் கழிப்பது கடினம்.

கிணற்றுக் கல்லில் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கிறோம். அதற்குக் கீழே, கடைசியாகச் சோதித்த தேதியையும் எழுதுங்கள்!