ஆற்றுத் துறைமுகமும் சிந்தும் சரக்கும்



துறைமுகம் என்றதும் கடற்கரையே நம் நினைவுக்கு வருகிறது. கொல்கத்தாத் துறைமுகமோ கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி, ஹூக்ளி ஆற்றின் கரையில் அமைந்தது. 1870-இல் அதன் நிர்வாகம் ஓர் ஆணையர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1892-இல் கிடர்பூர்க் கப்பல்துறை திறக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் அவ்வளவு தூரம் ஏற இயலாமையால், ஆற்றின் முகத்தை நெருங்கி ஹால்தியாவில் மற்றொரு துறையைக் கட்டி 1977-இல் திறந்தனர். நிலக்கரி, இரும்புத் தாது போன்ற பொதிகட்டாத சரக்குகள் அங்கே பெருமளவில் ஏறி இறங்குகின்றன.

பொதிகட்டாத சரக்கு என்றேன். அரிசி மூட்டை கீழே விழுந்தால் தூக்கிவிடலாம். நிலக்கரி அப்படியன்று. பாரந்தூக்கியின் இரும்புக் கவ்வி கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, ஒரே பிடியில் பல டன் கரியை அள்ளி எழுகிறது. அதன் தாடைகளுக்கிடையே ஒரு கட்டி சிக்கினாலும் போதும். வாய் முழுதும் மூடாது. கப்பலுக்கும் கரைக்கும் இடையேயுள்ள நீரின்மேல் செல்லும்போது கரி சிந்திக்கொண்டே போகும். உயரத்திலிருந்தே கவ்வியைத் திறந்துவிட்டால் தூள் புகையாக எழும். குவியலின் அருகே தாழ்த்திய பின் திறப்பது, கப்பலுக்கும் மேடைக்கும் நடுவே கித்தான் விரிப்பது, வேலை முடிந்ததும் மேடையைப் பெருக்கி அள்ளுவது ஆகிய இவற்றுக்கு விஞ்ஞான மேதைகள் தேவையில்லை, நேரம் தேவை. கப்பல் காத்து நிற்கும் ஒவ்வொரு நாளும் பெருஞ்செலவாதலின், அந்த நேரந்தான் கிடைப்பது அரிது.

தூளடங்க நீர் தெளிப்பதும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்நீர் கரியைச் சுமந்து எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா? வடிகால் வழியே நேரே ஆற்றில் விழுமாயின், காற்றில் தடுத்த தூளை நீரில் கொட்டியவராவோம். தொட்டியில் தேக்கித் தெளியவைத்த பின்னரே அதனை வெளியே விட வேண்டும்.

ஆறு எல்லாவற்றையும் கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்று சமாதானம் கூறுவோர் உளர். ஹூக்ளிக்கு இது பொருந்தாது. வங்கக் கடலின் ஓதம் அவ்வாற்றில் கொல்கத்தாவையும் தாண்டி ஏறுகிறது. வற்றத்தில் கீழே சென்றது ஏற்றத்தில் திரும்பி வருகிறது. கிடர்பூரிலும் ஹால்தியாவிலும் கப்பல்துறைகள் அடைப்புக் கதவுகளுக்குள் தேங்கிய நீர்நிலைகள். அங்கே சிந்தியது பெரும்பாலும் அடியிலேயே தங்கும். முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் மீனுக்கும் (வங்காளியர் இதனை இலிஷ் என்று போற்றுவர்), கண்பார்வை மிகக் குன்றி ஒலியைக் கொண்டே வழியறியும் கங்கை டால்பினுக்கும் இந்த ஆறே வழியும் வீடும் ஆகும். அந்த டால்பினைத்தான் 2009-இல் நாட்டின் நீர்வாழ் விலங்கென அறிவித்தோம்.

இனி வண்டலைப் பற்றி ஒரு சொல். ஹூக்ளியின் வண்டலை அடித்துச் செல்வதற்காகக் கங்கையிலிருந்து வினாடிக்கு 40,000 கன அடி நீரைத் திருப்பும் நோக்கத்துடன் ஃபரக்கா அணை கட்டப்பட்டு, 1975-இல் இயங்கத் தொடங்கியது. எனினும் தூர்வாருதல் ஓயவில்லை. வாரிய சேற்றை ஆற்றிலேயே வேறிடத்தில் கொட்டினால், ஓதம் அதில் ஒரு பங்கைத் திரும்பக் கொணர்ந்து சேர்க்கும். கரையில் கொட்டுவதற்கோ இடம் வேண்டும், பணமும் வேண்டும். கப்பல்துறைக்குள் வாரிய சேற்றில் கரியும் எண்ணெயும் கலந்திருந்தால் அதை வயலருகே போடவும் இயலாது.

ஆகவே பெருக்குவதற்கும், நீரைத் தெளியவைப்பதற்கும், சேற்றைத் தக்க இடத்தில் சேர்ப்பதற்கும் ஆகும் செலவை, டன்னுக்கு இவ்வளவு என்று இறக்குகூலியிலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கரியை வாங்கும் ஆலை அதைச் செலுத்தட்டும். கவ்வியைத் தாழ்த்தித் திறக்க ஆகும் நிமிடங்களுக்கும் அப்போது கூலி இருக்கும்.